பள்ளம் எந்தப் பக்கம்?

முதல் தடவை அதைப் பார்த்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிர்மிங்காமில் விடியற்காலையில் கிளம்பி, ஷ்ரூஸ்பரியில் ரயில் மாறி, நைட்டன் என்ற சின்ன ஊரில் இறங்கி, அங்கிருந்து முழங்கால் மடக்கி மடக்கி ஒரு மலையேறி, இன்னொரு மலை இறங்கி, மறுபடி ஏறி, கடைசியில் கண்முன்னால் கிடந்தது புல் முளைத்த ஒரு மண்மேடு. மேலே நாலைந்து ஆடுகள். அதில் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேயக் குனிந்துகொண்டது.

கூட வந்திருந்த அண்ணன் வடமராட்சிக்காரர், இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நடக்க ஆள் தேடிக்கொண்டிருந்தவர். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேட்டை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, இந்த வரம்பைப் பார்க்கத்தானோ என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீர்?" என்றார்.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் வரப்பு என்போம். அவர் ஊரில் வயலில் இருப்பதும் வரம்புதான், மனிதருக்கு இருக்கவேண்டியதும் வரம்புதான். அந்தச் சொல் அன்றைக்கு முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் நாங்கள் நின்றிருந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஆங்கிலத்திலும் இல்லை. ஆங்கிலேயர்கள் சொல்லும் 'டைக்' கரைக்கும் பொருந்தும், பள்ளத்துக்கும் பொருந்தும், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையே வடக்கு தெற்காக ஓடும் இந்த மண்கரைக்கு ஆஃபாவின் டைக் என்று பெயர். வேல்ஸ் மொழியில் கிளாவ்த் ஆஃபா. ஆஃபா என்பவர் மெர்சியா என்ற ராஜ்யத்தை 757 முதல் 796 வரை ஆண்ட ராஜா. இங்கிலாந்து என்ற நாடே உருவாகாத காலம் அது. இன்றைய மத்திய இங்கிலாந்து, பிர்மிங்காம் உட்பட, ஏறக்குறைய முழுக்க அவர் கையில். மேற்கே பொவிஸ் முதலான வேல்ஸ் அரசுகள். அவர் செத்து நூறு வருஷம் கழித்து, 893 வாக்கில், ஆஸர் என்ற வேல்ஸ் துறவி ஒருவர் ஆல்ஃபிரட் ராஜாவின் வரலாற்றை லத்தீனில் எழுதும்போது போகிற போக்கில், ஆஃபா என்ற ராஜா வேல்ஸுக்கும் மெர்சியாவுக்கும் நடுவே கடலிலிருந்து கடல்வரை பெரிய மண்கரை ஒன்று கட்டுவித்தார் என்று எழுதிவைத்தார். அந்த ஒரு வாக்கியம்தான் பழைய ஆதாரம். அதை நம்பித்தான் பெயர், அதை நம்பித்தான் நடைபாதை, இப்போது அதை நம்பித்தான் நாங்கள் இரண்டு பேரும் சாண்ட்விச்சோடு மலைமேல்.

நாங்கள் ஏறியது லன்வைர் மலை. (அந்த முதல் எழுத்தை நான் எழுதியிருப்பது பொய். நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் காற்றை ஊதவேண்டும். ழகரத்தைக் காட்டி வெள்ளைக்காரர்களை மிரட்டும் பழக்கமுள்ளவர்கள் ஒரு தடவை வேல்ஸ் போய் வரலாம், அடக்கம் வந்துவிடும்.) கரை இன்றும் தெளிவாகத் தெரியும் இடங்களில் இதுதான் ஆக உயரமானது, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 430 மீட்டர். பள்ளத்தையும் சேர்த்துக் கரையின் அகலம் நல்ல இடங்களில் 20 மீட்டர் வரை வரும், மேட்டின் உயரம் இன்றைக்கு இரண்டரை மீட்டருக்குள். பன்னிரண்டு நூற்றாண்டு மழையில் கரைந்து, பள்ளமும் பாதி தூர்ந்துபோன பிறகு மிச்சமிருப்பது இது. புதிதாக வெட்டியபோது, பள்ளத்தின் அடியில் நின்று மேலே பார்த்தவனுக்கு நிச்சயம் கழுத்து வலித்திருக்கும்.

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் முன்பே தெரியும், படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். தெரிந்தும் பார்க்கத் தெரியவில்லை. பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணன்தான். சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே மேட்டுக்கு மேற்கே இறங்கினார், பள்ளத்தில் நின்றார், திரும்பி என் பக்கம் பார்த்தார்.

"தம்பி, பள்ளம் எந்தப் பக்கம் எண்டு பாரும்."

"மேற்குப் பக்கம்ணே. வேல்ஸ் பக்கம்."

"அதுதான். அடுத்தவன்ர காணியில மண்ணை வெட்டித் தன்ர பக்கம் குவிச்சிருக்கிறான். உவன் எங்கட ஆள்தான்."

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைகளைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன், இரவோடு இரவாகக் கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நடுகிற வித்தை, அதற்காக மூன்று தலைமுறை நீதிமன்றம் ஏறியது எல்லாம். எங்கள் ஊரிலும் ஒன்றும் குறைவில்லை, ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை ஒரு விரற்கடை அரிக்கும் பங்காளி எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கண்ணோடு பார்த்தால் ஆஃபாவின் கரை உடனே பேசுகிறது. கட்டியவன் கிழக்கே இருந்தவன். பள்ளம் மேற்கே, மேடு கிழக்கே. மேற்கிலிருந்து வருகிறவன் முதலில் பள்ளத்தில் இறங்கவேண்டும், பிறகு செங்குத்தான மண்சுவரில் ஏறவேண்டும், ஏறும்போது மேலே இருப்பவன் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பான். கரை போகும் தடமும் அப்படித்தான். மலையின் மேற்குச் சரிவைத் தேடித் தேடிப் போகிறது, கரைமேல் நின்றால் வேல்ஸின் பள்ளத்தாக்குகள் விரித்த பாய்போலத் தெரியும். எதிர்த்திசையில், மேற்கிலிருந்து இங்கிலாந்தை எட்டிப்பார்க்க அந்த வசதி கிடையாது. எழுத்து ஆதாரம் ஒரு வரியே என்றாலும் மண் இவ்வளவு சொல்கிறது.

நைட்டனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றி எழுத முடியாது. வேல்ஸ் மொழியில் அந்த ஊரின் பெயரே 'மண்கரை ஊர்' என்றுதான் அர்த்தம். ஊர் வேல்ஸில் இருக்கிறது. ஊரின் ரயில் நிலையம் இங்கிலாந்தில் இருக்கிறது. நடுவே டீம் என்ற சிறு ஆறு. நடைமேடையில் இறங்கி ஊருக்குள் டீ குடிக்கப் போனால் நாடு மாறிவிடுகிறோம். ஸ்வான்சீயிலிருந்து ஷ்ரூஸ்பரி போகும் அந்த ஒற்றைத் தடத்தில் நாளுக்கு நாலைந்து ரயில்கள்தான், நாங்கள் ஆடுகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்ததில் ஒன்றைத் தவறவிட்டு மூன்று மணி நேரம் அந்த நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம், ஆகவே இந்தப் புவியியல் எனக்கு நன்றாகவே பதிந்துவிட்டது.

கரைமேல் ஊர் மக்கள் பல நூற்றாண்டுகளாக மாடு ஓட்டியும் வேலி போட்டும் வந்திருக்கிறார்கள், ஆனால் அதை ஒட்டி நெடுந்தூர நடைபாதை வேண்டும் என்ற யோசனை இருபதாம் நூற்றாண்டுக்குரியது. அரசாங்கம் கொள்கையளவில் ஒப்புக்கொண்டுவிட்டு ஆற அமர உட்கார்ந்திருந்தபோது, நைட்டனில் ஃபிராங்க் நோபிள் என்பவரும் நண்பர்களும் 1969-இல் ஒரு சங்கம் தொடங்கி நெருக்கினார்கள். 1971 ஜூலை 10 அன்று பாதை திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் ஜான் ஹன்ட் பிரபு, 1953-இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட பயணக் குழுவின் தலைவர். எவரெஸ்ட்டை ஏறவைத்த ஆளைக் கூப்பிட்டு ஒரு வரப்பைத் திறக்கவைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். பாதையின் ஏற்ற இறக்கம் அவ்வளவையும் கூட்டிப்பார்த்தால் எவரெஸ்ட் உயரத்துக்குக் குறையாது என்று நடப்பவர்கள் பெருமையடிப்பார்கள், நைட்டனுக்கு வடக்கே ஒரு பகல் நடந்தவன் அதை மறுக்கமாட்டான். மலை, கணவாய், மலை, கணவாய். கரை எதற்கும் வளைந்துகொடுக்காமல் நேரே இறங்கி நேரே ஏறும், பாதையும் அதன் பின்னாலேயே போகும், நம் முழங்கால் அதன் பின்னால்.

தெற்கே செப்ஸ்டோவுக்குப் பக்கத்தில் செட்பரி என்ற இடத்தில், செவர்ன் ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்த ஒரு செங்குத்துப் பாறை விளிம்பில் பாதை தொடங்கி, வடக்கே பிரஸ்டாட்டின் கடற்கரையில் முடிகிறது. மொத்தம் 285 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போனால் பன்னிரண்டு பதின்மூன்று நாள். நாங்கள் அப்படிப் போகவில்லை, போகவும் முடியாது. அண்ணனுக்கு முழங்கால், எனக்கு லீவு. கிடைத்த சனி ஞாயிறுகளில் துண்டு துண்டாக இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறோம். வழிகாட்டிப் பலகைகளில் ஓக் மரத்துக் கொட்டைதான் அடையாளம், இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டின் எல்லா தேசிய நடைபாதைகளுக்கும் அதே சின்னம். வேலிகளைத் தாண்ட மரப்படிகள், நூற்றுக்கணக்கில். அண்ணன் ஒவ்வொன்றிலும் ஏறும்போது "இன்னுமொரு கடப்பு" என்று எண்ணிக்கொண்டே வருவார், எழுபதுக்குமேல் எண்ணுவதை நிறுத்திவிட்டார். இப்போது பல இடங்களில் படியை எடுத்துவிட்டுச் சிறு கதவுகள் போட்டிருக்கிறார்கள், அதற்கு அவர் தினமும் நன்றி சொல்கிறார்.

இந்தப் பாதைக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று உண்டு, எனக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே இருப்பது ஒரு கோடு இல்லை. மூன்று கோடுகள். ஆஃபாவின் மண்கரை ஒன்று, 1971-இல் போட்ட நடைபாதை ஒன்று, இன்றைய இங்கிலாந்து–வேல்ஸ் எல்லை ஒன்று. எல்லை எட்டாம் ஹென்றி காலத்தில், 1535-லும் 1542-லும் போட்ட சட்டங்களில் உருவான மாவட்டக் கோடுகளிலிருந்து வந்தது, ஆஃபாவை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. மூன்றும் பெயரளவில் உறவினர்கள். கல்யாணத்துக்குத்தான் சந்தித்துக்கொள்வார்கள், மற்றபடி அவரவர் வழி. பாதை எல்லையை இருபது தடவைக்குமேல் குறுக்கே தாண்டுகிறது. பாதையின் பெரும்பகுதியில் கரை காணவே காணோம். 'ஆஃபாவின் கரைப் பாதை' என்ற பெயரை நம்பி முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை கரைமேல் நடக்கலாம் என்று கிளம்பினால் நீங்கள் என்னைப்போல் புலம்புவீர்கள்.

தெற்குப் பகுதியில் இது நன்றாகப் புரியும். செட்பரியிலிருந்து வை ஆற்றின் கிழக்குக் கரையோரம் காட்டுக்குள் கரை கூடவே வருகிறது. மரங்கள் விலகும் ஓரிடத்தில், ஆற்றுக்கு அந்தப்பக்கம் கூரையில்லாத டின்டர்ன் மடாலயம் கீழே தெரியும், எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். மான்மத் தாண்டியபிறகு கரை மாயம். அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்கு வெறும் வயல், தேவாலயம், சேறு. அப்புறம் பாண்டி (நம் பாண்டியில்லை) என்ற சிற்றூரிலிருந்து ஹாட்டரல் முகடு. 700 மீட்டர் உயரத்தில், யானை முதுகுபோல் நீண்டு கிடக்கும் கரிய மேட்டில் நாள் முழுவதும் நடை. அங்கே எல்லையும் பாதையும் ஒன்றாகவே போகின்றன, இடது காலில் வேல்ஸ், வலது காலில் இங்கிலாந்து, ஆனால் கரை கிடையாது. மலைமுகடே இருக்கும்போது யார் மண் வெட்டப்போகிறார்கள்? எங்கள் நாளில் மேகம் இறங்கிவிட்டது, பத்தடிக்குமேல் ஒன்றும் தெரியவில்லை, மணிக்கணக்கில் ஒரே வெள்ளை. இரண்டு நாட்டையும் சேர்த்தே பார்க்கமுடியாமல் போன நாள்.

முகட்டிலிருந்து இறங்கினால் ஹே-ஆன்-வை, பழைய புத்தகக் கடைகளின் ஊர். 1977 ஏப்ரல் 1 அன்று ரிச்சர்ட் பூத் என்ற புத்தக வியாபாரி அங்கே தன்னை ராஜாவாகவும் ஊரைத் தனி ராஜ்யமாகவும் அறிவித்துக்கொண்டார். எல்லையோர ஊர்களுக்கே இப்படி ஒரு குறும்பு இருக்கும்போல. வடக்கே லன்மினெக் என்ற கிராமத்தில் எல்லை கடைத்தெருவின் நடுவே போகிறது. 1881-இல் வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை மூடவேண்டும் என்று சட்டம் வந்தது. அங்கே இருந்த ஒரு விடுதியின் இரண்டு குடிக்கூடங்கள் இங்கிலாந்திலும் ஒன்று வேல்ஸிலும் இருந்தன, ஞாயிறானால் அந்த ஒன்று மட்டும் மூடியிருக்கும். குடிப்பவர்கள் அறை மாறி உட்கார்ந்தால் போதும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான கேள்வி. இதைக் கட்டியது ஆஃபாதானா?

கரையை முதன்முதலில் முழுமையாக நடந்து அளந்தவர் சிரில் ஃபாக்ஸ். வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். 1925-இலிருந்து 1932 வரை கோடைதோறும் அளந்தார், நூலாக வந்தது 1955-இல். ஹெரிஃபோர்டு சமவெளியில் கரை காணாமல்போவதற்கு அவர் சொன்ன காரணம், அங்கே அடர்ந்த காடு இருந்திருக்கும், கரை தேவைப்பட்டிருக்காது என்பது. கரையைப் பெரும்பாலும் சண்டைக்கான ஏற்பாடாக அவர் பார்க்கவில்லை, இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட எல்லை என்றே நினைத்தார். பிறகு டேவிட் ஹில்லும் மார்கரெட் வொர்த்திங்டனும் பல பத்தாண்டுகள் தோண்டிப் பார்த்துவிட்டு வேறு சொன்னார்கள். தெற்கே வை ஆற்றோரக் கரை ஆஃபாவின் கணக்கில் வராது, வடக்கே கடல்வரையும் போகவில்லை, கிங்டனுக்குப் பக்கத்து ரஷக் மலையிலிருந்து வடக்கே ட்ரைதின் வட்டாரம்வரை உள்ள ஏறத்தாழ 103 கிலோமீட்டர்தான் அவருடையது, அது பொவிஸ் அரசை எதிர்த்துப் போட்ட தடுப்பு என்பது அவர்கள் கட்சி. ஆஸர் சொன்ன 'கடலிலிருந்து கடல்வரை' பாவம், இப்படிப் பாதியில் நின்றுவிட்டது. வடக்கே கடலைத் தொடுவது ஆஃபாவின் கரைக்குக் கிழக்கே தனியாக ஓடும் இன்னொரு கரை, வாட்டின் கரை என்பார்கள், அது யாருடையது என்பதற்குத் தனி வழக்கு.

இதோடு நிற்கவில்லை. 2014-இல் சிர்க் கோட்டைக்குப் பக்கத்தில் கரையின் அடியிலிருந்து எடுத்த புல்மண்ணைக் கதிரியக்கக் கரிம முறையில் சோதித்தபோது கி.பி. 430-க்கும் 652-க்கும் இடைப்பட்ட காலம் வந்தது. ஆஃபா பிறப்பதற்கே முன்னால். செய்தித்தாள்கள் உடனே 'ஆஃபா கட்டவில்லை' என்று தலைப்புப் போட்டன. ஓரிடத்துப் புல்லை வைத்துக்கொண்டு முழுக் கரைக்கும் தீர்ப்புச் சொல்வது கொஞ்சம் அவசரம். கரையில் போட்ட பழைய மண் கரையைவிடப் பழையதாக இருக்கலாம்தானே. ஏற்கெனவே அங்கங்கே துண்டாகக் கிடந்த கரைகளை ஆஃபா இணைத்து நீட்டியிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள், எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. எந்த ஊரில் ஏரிக்கரையை ஒரே ராஜா கட்டியிருக்கிறான்? ஒருவன் போட்டதை இன்னொருவன் உயர்த்துவான், மூன்றாமவன் பெயரை வைத்துக்கொள்வான்.

என்னை உறுத்தியது வேறு. மண்ணை வெட்டியது யார்? பள்ளிக்கூட விடுமுறைகளில் அப்பாவோடு வாய்க்கால் தூர் வாரியிருக்கிறேன், பத்தடி நீளத்துக்கே உள்ளங்கை கொப்புளித்துவிடும். இங்கே நூறு கிலோமீட்டர். மலைமேல். கல்லும் களிமண்ணும் கலந்த பூமி, இரும்புப் பூண் போட்ட மர மண்வெட்டி, கூடை. கூலி கொடுத்திருக்க வாய்ப்பில்லை. எட்டாம் நூற்றாண்டு மெர்சிய நிலப் பட்டயங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: மடங்களுக்கு நிலத்தை வரியில்லாமல் தானம் கொடுக்கும்போதும், பாலம் கட்டும் வேலையும் கோட்டை கட்டும் வேலையும் மட்டும் ராஜா விட்டுக்கொடுப்பதில்லை. வெட்டிவேலைதான். கரையும் அப்படித்தான் எழுந்திருக்கவேண்டும். இந்த ஊர்க்காரர்கள் இந்த மலையிலிருந்து அந்த மலைவரை என்று பங்கு பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கரை திடீரென்று தடித்தும் மெலிந்தும் போகும் இடங்களைப் பார்க்கும்போது, இதோ இங்கே ஒரு ஊர்க்காரன் பங்கு முடிந்து அடுத்த ஊர்க்காரன் சோம்பேறித்தனம் தொடங்கியிருக்கிறது என்று நானாக ஒரு கதை சொல்லிக்கொள்வேன். தப்பாக இருக்கலாம். நடக்கும்போது பொழுது போகவேண்டுமே.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதில் காவல் கோபுரம் கிடையாது, கோட்டை கிடையாது, ரோமானியர்கள் வடக்கே கட்டிய ஹாட்ரியன் சுவர்போல ஆள் வைத்துக் காத்ததற்கு அடையாளம் கிடையாது. கிழக்கே பிடிபட்ட வேல்ஸ்காரனின் காதை அறுப்பார்கள், மேற்கே பிடிபட்ட ஆங்கிலேயனைத் தூக்கில் போடுவார்கள் என்று ஒரு பழங்கதை மட்டும் உலவுகிறது. கதை சுவையானது, ஆதாரம் சூன்யம். மாடு திருடிக்கொண்டு ஓடுகிறவனுக்கு மட்டும் இது நிஜமான தொந்தரவாக இருந்திருக்கும். தனி ஆள் ஏறிக் குதித்துவிடுவான். இருபது மாட்டை அந்தப் பள்ளத்தில் இறக்கி ஏற்றிப் பாருங்கள்.

ஆஃபாவும் வெறும் மண்வெட்டி ராஜா இல்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவர் பெயர் பொறித்த தங்க நாணயம் ஒன்று இருக்கிறது, போனால் தேடிப் பாருங்கள். பாக்தாத் கலீஃபா அல்-மன்சூரின் தினாரைப் பார்த்து அச்சடித்தது, ஹிஜ்ரி 157 என்ற ஆண்டு உட்பட அரபு எழுத்துகள் அப்படியே இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே லத்தீனில் ஆஃபா ராஜா என்று. அரபுப் பக்கத்தை நேராகப் பிடித்தால் ராஜா பெயர் தலைகீழாக இருக்கும். அடித்தவனுக்கு அரபு வாசிக்கத் தெரியாது என்பது சர்வ நிச்சயம். 796-இல் ஐரோப்பாவின் பெரும் ராஜாவான சார்லமேன் அவரைச் சகோதரர் என்று விளித்து எழுதிய கடிதமும் கிடைத்திருக்கிறது. அதில் நீங்கள் கேட்ட கறுப்புக் கற்கள் எந்த நீளத்தில் வேண்டும் என்று ஒரு கேள்வி, உங்கள் நாட்டிலிருந்து வரும் மேலங்கிகளை முன்புபோல் பழைய அளவிலேயே அனுப்பச் சொல்லுங்கள் என்று ஒரு முறையீடு. அதே வருஷம் ஆஃபா செத்துப்போனார். வாரிசுச் சண்டை வரக்கூடாதென்று முன்கூட்டியே பட்டம் கட்டிவைத்திருந்த மகனும் சில மாதங்களில் போய்விட்டான்.

மறுபக்கத்துக் குரல் ஒன்றும் இருக்கிறது, அதைக் கேட்காமல் வந்துவிடக்கூடாது. லன்கோலன் ஊருக்கு வெளியே, ஒரு பழைய மடாலயத்துக்குப் பக்கத்து வயல்மேட்டில் உடைந்த கல்தூண் ஒன்று நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பொவிஸ் ராஜா கிங்கென் தன் கொள்ளுத்தாத்தா எலிசெத்துக்காக நட்டது, கிட்டத்தட்ட நம் நடுகல்போல. ஆங்கிலேயர் கையிலிருந்து பொவிஸை எலிசெத் வாளாலும் நெருப்பாலும் மீட்டார் என்ற செய்தி அதில் இருந்தது. இருந்தது என்று சொல்லக் காரணம், இப்போது எழுத்து ஒன்றும் தெரியாது, வெறும் கல். 1696-இல் எட்வர்ட் லூயிட் என்ற அறிஞர் வந்து தெரிந்தவரை படியெடுத்துவைத்ததால் நமக்குக் கிடைத்தது. அண்ணன் அந்தக் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், வழவழவென்றிருந்த பக்கத்தைக் கையால் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. கரைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்களை ஆங்கிலேயர்கள் அழைத்த 'வெல்ஷ்' என்ற பெயருக்கு 'அந்நியன்' என்று பொருள். அவர்கள் தங்களைக் கம்ரி என்று சொல்லிக்கொள்கிறார்கள், அதற்குப் பொருள் ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள். இன்றும் வேல்ஸ்காரர்கள் 'ஆஃபா கரைக்கு அந்தாண்டை' என்றால் இங்கிலாந்து என்று அர்த்தம்.

கரையைச் சாகடிப்பவை பெரிய படைகள் இல்லை. ஏர், முயல், வளைக்கரடி, ஆட்டுக் குளம்பு, மரத்தின் வேர், அப்புறம் நாம். ஒரே தடத்தில் ஆயிரக்கணக்கான பூட்ஸ் போனால் புல் போய்விடும், புல் போனால் மண் போய்விடும். அதனால்தான் பல இடங்களில் பாதையை வேண்டுமென்றே கரையிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறார்கள், 'கரைமேல் ஏறாதீர்' என்று பலகையும் உண்டு, தயவுசெய்து மதியுங்கள். 2013-இல் சிர்க் பக்கம் ஒருவர் இயந்திரத்தை வைத்து 45 மீட்டர் நீளத்துக்குக் கரையை ஒரேயடியாக மட்டமாக்கிவிட்டார். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று தெரிந்தே செய்தார் என்று நிரூபிக்கமுடியாததால் வழக்கு எழவில்லை. படித்தபோது கோபம் வந்தது. பிறகு முதல் நாள் நானே 'இதுதானா' என்று நின்றது ஞாபகம் வந்து, கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். மேட்டைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களும் விவசாயிகள்தான். நிலத்துக்கு நிலம் வேலி வேண்டும், இருக்கிற மேட்டின்மேல் முள்செடி வைத்தால் வேலை சுலபம், அப்படியே ஆயிரம் வருஷம் ஓடிவிட்டது.

நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு என் பரிந்துரை: செட்பரியை விட்டுவிடுங்கள், அங்கே ஒரு கல்லும் சேறான ஆறும்தான். நேராக நைட்டன் போங்கள், வடக்கே லன்வைர் மலைவரை போய்த் திரும்புங்கள், மே மாதக் கடைசியில் என்றால் இன்னும் நல்லது. ரயில் நேரத்தை இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். உயரத்துக்குப் பயப்படாதவர்கள் இன்னும் வடக்கே பொன்ட்கசல்த்தே கால்வாய்ப் பாலத்துக்கும் போகலாம். 1805-இல் கட்டியது, ஆற்றுக்குமேலே 38 மீட்டர் உயரத்தில் இரும்புத் தொட்டிக்குள் கால்வாய் ஓடுகிறது, படகு போகிறது, ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடியும், மறுபக்கம் கைப்பிடியே கிடையாது. அண்ணன் பாதிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், கீழே பாலத்துக்கு அடியில் நின்று எனக்குக் கையாட்டினார்.

மூன்று கோடுகளும் ஒன்றுசேரும் இடத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. மாண்ட்காமெரி என்ற ஊருக்குக் கிழக்கே, மலைகள் விலகிச் சமவெளி வரும் இடத்தில், சில கிலோமீட்டர் தூரம் ஆஃபாவின் கரையேதான் இன்றைய எல்லை, பாதையும் கூடவே போகிறது. போன செப்டம்பரில் அங்கே நடந்தோம். கரைமேல் வரிசையாக முதிர்ந்த ஓக் மரங்கள், மேற்கே அறுவடை முடிந்த கோதுமைத் தாள், கிழக்கே மாடுகள். இத்தனை மாதம் தேடியது இதுதான் என்று நான் ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தபோது மழை பிடித்துக்கொண்டது. நான் பள்ளத்தோரம், வேல்ஸில். அண்ணன் சட்டென்று கரையைத் தாண்டி அந்தப்பக்கம் ஒரு ஓக் மரத்தடியில், இங்கிலாந்தில் ஒதுங்கிக்கொண்டார்.

"இஞ்சால வாரும் தம்பி, நனையப்போறீர்."

நான் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூர்ந்து, காய்ந்த இலை நிரம்பி, இருப்பதே தெரியாமல் கிடந்த பள்ளத்தில் பத்து நிமிஷ மழைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டியது. வயலிலிருந்து வடிகிற தண்ணீரெல்லாம் அங்கே வந்து சேர்ந்து, கோடு தெளிவாகப் பளபளவென்று வடக்கே போய்க்கொண்டிருந்தது. வெட்டியவன் எவ்வளவு நேராகப் பிடித்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மரத்தடியை விட்டு நகராமலே எட்டிப்பார்த்துவிட்டு, பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியில் டீ ஊற்றி, கரைக்கு மேலாகக் கையை நீட்டி என்னிடம் கொடுத்தார்.